எடைச் சீட்டுகளில் குலுக்கல்: தரவுத்தளத்திலிருந்து சமவாய்ப்பில் வரிகளை எடுக்க முழு வழிகாட்டி

கோத்தகிரி பக்கம் விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கும் ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். 11 சேகரிப்பு மையங்கள், சுமார் 900 சிறு விவசாயிகள். மாதத்துக்கு ஏறத்தாழ 15,000 எடைச் சீட்டுகள் கணினியில் ஏறுகின்றன. மாத முடிவில் அவற்றில் 60 சீட்டுகளை எடுத்து, விவசாயி கையில் இருக்கும் நகலோடு எடையும் கழிவும் (ஈர இலைக்காகக் கழிக்கும் எடை) ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். எந்த 60?

கணக்கர் கண்ணில் பட்டதை எடுத்தால் அது சோதனை ஆகாது. ‘லிமிட் 60’ (60 வரி மட்டும் தா) என்று மட்டும் போட்டால் தரவுத்தளம் தனக்கு வசதியான 60 வரிகளைத் தரும். பெரும்பாலும் அது மாதத்தின் முதல் நாள் காலையில் முதல் மையம் போட்ட சீட்டுகளாகவே இருக்கும். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரே அளவு வாய்ப்பு கிடைக்க வேண்டும். யாராவது கேட்டால் அதே குலுக்கலை அவர்கள் கண்முன்னே திரும்பச் செய்து காட்டவும் வேண்டும். வேகம் மூன்றாவதுதான். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பாதி வேகத்தைப் பற்றியவை. 15,000 வரிக்கு வேகத்தைப் பற்றிக் கவலைப்படுவது வீண்.

ஒரு குறிப்பு: எஸ்கியூஎல் (தரவுத்தளத்திடம் கேட்கும் மொழி) கட்டளைச் சொற்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம், தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள். அட்டவணை, பத்தி (நெடுவரிசை) பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் ஆகிய தரவுத்தள மென்பொருள்கள் மூன்றும் ஏற்கும்.

முதலில் பட்டியலைப் பூட்டுங்கள்

குலுக்குவதற்கு முன் எந்தச் சீட்டுகள் குலுக்கலில் இருக்கின்றன என்பது முடிவாகியிருக்க வேண்டும். ரத்தான சீட்டு, சோதனைக்குப் போட்ட சீட்டு, எடை 0 என்று விழுந்த சீட்டு எல்லாவற்றையும் இப்போதே விலக்குங்கள். குலுக்கிய பிறகு விலக்க ஆரம்பித்தால் கேள்வி எழும்.

கிரியேட் டேபிள் பட்டியல்_அக்டோபர் அஸ்
செலக்ட் சீட்டு_எண், நாள், மையம், விவசாயி_எண், எடை, கழிவு
ஃப்ரம் வரவு
வேர் நாள் >= '2024-10-01' அண்ட் நாள் < '2024-11-01'
அண்ட் நிலை = 'சரி' அண்ட் எடை > 0;

எஸ்கியூஎல் சர்வரில் இந்த வடிவம் செல்லாது. அங்கே ‘செலக்ட் … இன்டு’ போட வேண்டும்.

தேதிக்கு ‘பிட்வீன்’ போடாததைக் கவனியுங்கள். நாள் என்ற பத்தியில் நேரமும் சேர்ந்திருந்தால் ‘பிட்வீன் அக்டோபர் 1 அண்ட் அக்டோபர் 31’ என்பது 31-ஆம் தேதி நள்ளிரவு 12 மணியோடு நின்றுவிடும். அன்று பகலில் வந்த இலை முழுவதும் குலுக்கலுக்கு வெளியே போய்விடும். யாரும் கவனிக்காமலே மாதாமாதம் கடைசி நாள் சோதனையிலிருந்து தப்பிக்கொண்டிருக்கும்.

இந்த நேரத்தில் வேறு அட்டவணையோடு ‘ஜாயின்’ செய்யாதீர்கள். ஒரே சீட்டுக்கு இரண்டு தவணையில் பணம் கொடுத்திருந்தால், பணப்பட்டுவாடா அட்டவணையோடு சேர்த்ததும் அந்தச் சீட்டு இரண்டு வரிகளாகி இரட்டை வாய்ப்பு பெறும். முதலில் குலுக்குங்கள், விவசாயி பெயர், வங்கி விவரமெல்லாம் தேர்ந்த 60-க்கு மட்டும் பிறகு சேருங்கள்.

எளிய முறை: எல்லாவற்றையும் கலைத்து மேலிருந்து எடுப்பது

செலக்ட் * ஃப்ரம் பட்டியல்_அக்டோபர்
ஆர்டர் பை ரேண்டம்()
லிமிட் 60;

ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் போட்டு, அந்த எண்படி அடுக்கி, மேலே உள்ள 60-ஐத் தருகிறது. எல்லா வரிக்கும் வாய்ப்பு சமம், எண்ணிக்கை துல்லியம். முழு அட்டவணையையும் படிக்க வேண்டியிருப்பதுதான் இதன் செலவு. சில லட்சம் வரிகள் வரை சாதாரண அலுவலகக் கணினியே தாங்கும். அதுவரை வேறு எதையும் தேடிப் போகாதீர்கள்.

மென்பொருளுக்கு மென்பொருள் சொல் மாறும். போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட் இரண்டிலும் ரேண்டம்(). மைஎஸ்கியூஎல், மரியாடிபி இரண்டிலும் ராண்ட்(). ஆரக்கிளில் டிபிஎம்எஸ்_ரேண்டம்.வேல்யூ, 12சி பதிப்பு முதல் ‘ஃபெட்ச் ஃபர்ஸ்ட் 60 ரோஸ் ஒன்லி’ வேலை செய்யும்.

எஸ்கியூஎல் சர்வரில் ஒரு பொறி இருக்கிறது. அங்கே ராண்ட்() ஒரு கேள்விக்கு (ஒரு முழுக் கட்டளைக்கு) ஒரு முறைதான் கணக்கிடப்படும். 15,000 வரிக்கும் ஒரே எண் விழுவதால் எதுவும் கலையாது. பிழைச் செய்தியும் வராது. அங்கே ‘செலக்ட் டாப் 60 … ஆர்டர் பை நியூஐடி()’ என்று போட வேண்டும்.

பழைய கணக்கு மென்பொருள் ஆக்செஸில் ஓடுகிறதென்றால் ஆர்என்டி() என்று வெறுமனே எழுதினாலும் இதே கதை. ஆர்என்டி(சீட்டு_எண்) என்று நேர்ம எண் உள்ள ஒரு பத்தியை உள்ளே கொடுத்தால்தான் வரிக்கு வரி மாறும். ‘ரேண்டமைஸ்’ கட்டளையை முன்னதாக ஓட்டாவிட்டால் ஒவ்வொரு முறை ஆக்செஸைத் திறக்கும்போதும் அதே வரிசைதான் வரும். மாதாமாதம் அதே இடத்துச் சீட்டுகள் தேர்வாவதை யாராவது கண்டுபிடித்துவிட்டால், எவை சோதனைக்கு வரும் என்பதும் தெரிந்துவிடும்.

எக்செலில் செய்பவர்கள் =ராண்ட்() பத்தியை நகலெடுத்து, மதிப்பாக மட்டும் ஒட்டிவிட்டு, அதன் பிறகு அடுக்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எண்கள் புதிதாகிக்கொண்டே இருக்கும்.

சரிபோலத் தோன்றும் தவறான முறைகள்

முதலாவது, சீட்டு எண்ணை நேரடியாகக் குலுக்குவது:

வேர் சீட்டு_எண் = ஃப்ளோர்(1 + ராண்ட்() * 15000)

ஒரே ஒரு வரி வரும் என்று நினைப்போம். ஆனால் மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டும் ஒவ்வொரு வரியைப் பார்க்கும்போதும் புதிய எண்ணைப் போடுகின்றன. அதனால் நூற்றுக்கு 37 முறை ஒன்றுமே வராது; சில முறை இரண்டு, மூன்று வரிகள் வரும். எண்ணை முதலில் ஒரு தடவை எடுத்து மாறியில் வைத்துக்கொண்டு, பிறகு ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, எண்ணை எடுத்த பிறகு ‘சீட்டு_எண் >= அந்த எண்’ என்று போட்டு முதல் வரியை எடுப்பது. வேகமான முறை, ஆனால் நேர்மையற்றது. 1 முதல் 1000 வரை உள்ள சீட்டுகளில் 401 முதல் 500 வரை ரத்தாகிவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். குலுக்கலில் 401 முதல் 501 வரை எந்த எண் வந்தாலும் 501-ஆம் சீட்டுதான் மாட்டும். மற்றச் சீட்டுகளைப் போல 101 மடங்கு வாய்ப்பு அதற்கு. இடைவெளிக்கு அடுத்து நிற்பவர் பாவம், மாதாமாதம் அவர் சீட்டே சோதனைக்கு வரும்.

மூன்றாவது எஸ்கியூலைட்டுக்கு மட்டும். அங்கே ரேண்டம்() தருவது 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எண் அல்ல. எதிர்மமும் நேர்மமும் கலந்த 64 பிட் முழு எண். மற்ற இடத்திலிருந்து நகலெடுத்து ‘வேர் ரேண்டம்() < 0.004’ என்று போட்டால் எதிர்ம எண் விழுந்த வரிகளெல்லாம் உள்ளே வரும். கிட்டத்தட்ட பாதி அட்டவணை வந்து நிற்கும்.

மற்ற மென்பொருள்களில் அதே ‘< 0.004’ முறை செல்லும். ஆனால் எண்ணிக்கை ஆடும். 15,000-இல் 60 (அதாவது 0.004 பங்கு) வர வேண்டிய இடத்தில் 45 முதல் 75 வரை எதுவும் வரலாம்.

சீட்டையா, விவசாயியையா?

தினமும் இலை போடுபவருக்கு மாதத்தில் 25 சீட்டு. வாரம் ஒரு முறை பறிப்பவருக்கு 4. சீட்டுகளைக் குலுக்கினால் முதலாமவருக்கு ஆறு மடங்குக்கு மேல் வாய்ப்பு. எடை சரிபார்ப்புக்கு அது சரியே. விவசாயிகளிடம் கருத்துக் கேட்கப் போகிறீர்கள், அல்லது நாற்று வழங்கப் பெயர் எடுக்கிறீர்கள் என்றால் தவறு. அப்போது விவசாயி எண்களைத் தனித்தனியாக்கிய பிறகே குலுக்க வேண்டும்:

செலக்ட் விவசாயி_எண்
ஃப்ரம் (செலக்ட் டிஸ்டிங்க்ட் விவசாயி_எண் ஃப்ரம் பட்டியல்_அக்டோபர்) அஸ் வி
ஆர்டர் பை ரேண்டம்()
லிமிட் 40;

டிஸ்டிங்க்ட், ஆர்டர் பை ரேண்டம் இரண்டையும் ஒரே வரியில் போட்டால் போஸ்ட்கிரெஸ் பிழை காட்டி நிறுத்திவிடும். அது நல்லதுக்குத்தான்.

மையவாரியாகப் பிரித்து எடுப்பது

மொத்தமாகக் குலுக்கினால் கட்டபெட்டு, அரவேணு போன்ற பெரிய மையங்களே நிறைய வரும். மாதத்துக்கு 150 சீட்டு போடும் ஒரு சின்ன மையத்திலிருந்து ஒன்றுகூட வராமல் போக வாய்ப்பு அதிகம். 60 சீட்டுக் குலுக்கலில் இரண்டில் ஒரு தடவைக்கு மேலேயே அப்படி நடக்கும். ஒவ்வொரு மையத்தின் தராசையும் தொட வேண்டும் என்றால் மையத்துக்கு 5 என்று எடுங்கள்:

செலக்ட் * ஃப்ரம் (
செலக்ட் ப.*, ரோ_நம்பர்() ஓவர் (பார்ட்டிஷன் பை மையம் ஆர்டர் பை ரேண்டம்()) அஸ் வரிசை
ஃப்ரம் பட்டியல்_அக்டோபர் ப) அஸ் க
வேர் வரிசை <= 5;

மைஎஸ்கியூஎல் 8.0, எஸ்கியூலைட் 3.25, போஸ்ட்கிரெஸ் 8.4 முதல் இது இயங்கும். அதற்கு முந்தைய பதிப்பு என்றால் மையம் மையமாகத் தனித்தனிக் கேள்வி போட வேண்டியதுதான்.

இங்கே ஒரு கணக்கு மறந்துபோகும். 2,400 சீட்டு உள்ள மையத்தில் எடுத்த ஒவ்வொரு சீட்டும் 480 சீட்டுகளுக்காகப் பேசுகிறது. 150 உள்ள மையத்தில் ஒன்று 30-க்காக. மொத்தத் தொழிற்சாலைக்குச் சராசரிக் கழிவு எவ்வளவு என்று சொல்லும்போது இந்த எடைமானத்தைப் பெருக்காமல் 55 சீட்டையும் கூட்டி வகுத்தால் விடை சின்ன மையங்களின் பக்கம் சாயும்.

பல தொழிற்சாலைகளின் தரவை ஓரிடத்தில் சேர்த்து ஆண்டு முழுவதற்கும் குலுக்கும் அலுவலகங்கள் மையத்தோடு மாதத்தையும் பிரிக்க வேண்டும். கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கிச் செப்டம்பர் வரை கொட்டும். கோத்தகிரிச் சரிவுகளுக்கு வடகிழக்கு மழைதான் முக்கியம்; அக்டோபர், நவம்பரில் இலை நனைந்து வரும். ஈர இலைக்குத் தண்ணீர்க் கழிவு போடும் மாதங்களில்தான் தகராறு அதிகம். ஆக, எந்த மாதம் என்பதே ஊருக்கு ஊர் வேறு. ஜனவரி உறைபனியில் கொழுந்து கருகிச் சீட்டு எண்ணிக்கையும் குறையும். ‘பார்ட்டிஷன் பை மையம், மாதம்’ என்று போட்டு, எண்ணிக்கையை 2 என்று குறைத்தால் போதும்.

எடைக்கேற்ற வாய்ப்பு

8 கிலோ சீட்டும் 180 கிலோ சீட்டும் பணத்தில் சமமல்ல. எடைக்கு ஏற்ப வாய்ப்பு தர:

ஆர்டர் பை -எல்என்(1 - ரேண்டம்()) / எடை
லிமிட் 60

1 - ரேண்டம்() என்று எழுதக் காரணம், ரேண்டம்() எப்போதாவது 0 தரலாம். 0-க்கு மடக்கை (எல்என்) இல்லை. எடை 0 உள்ள வரி ஒன்று தப்பி உள்ளே வந்திருந்தால் போஸ்ட்கிரெஸ் பிழை காட்டி நின்றுவிடும். மைஎஸ்கியூஎல் நிற்காது, விடையை வெற்று மதிப்பாக்கி அந்த வரியைப் பட்டியலின் உச்சியில் வைக்கும். வாய்ப்பே இருக்கக் கூடாத சீட்டு முதல் ஆளாக வந்து உட்காரும். பட்டியலைப் பூட்டும்போதே ‘எடை > 0’ போட்டது இதற்காகவும்தான். எஸ்கியூலைட்டில் இந்த வரி அப்படியே செல்லாது, காரணம் மேலே சொன்ன முழு எண்.

திரும்பச் செய்து காட்டக்கூடிய குலுக்கல்

“என் சீட்டை வேண்டுமென்றே எடுத்தீர்கள்” என்று ஒருவர் சொன்னால் ரேண்டம்() போட்டவரிடம் பதில் இல்லை. மறுபடி ஓட்டினால் வேறு 60 வரும். மைஎஸ்கியூஎலில் ராண்ட்(5318) என்று விதை எண் (குலுக்கலைத் தொடங்கி வைக்கும் எண்) கொடுக்கலாம்தான். ஆனால் எண்கள் வரிகளைப் படிக்கும் வரிசைப்படி ஒட்டப்படுகின்றன. புதிதாக ஓர் இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் சுட்டுப் பட்டியல்) போட்டாலோ, தரவை வேறு கணினிக்கு மாற்றினாலோ வரிசை மாறி, அதே விதைக்கு வேறு முளை வரும்.

நம்பகமான வழி, சீட்டு எண்ணையும் விதை எண்ணையும் ஒட்டி அதன் எம்டி5-ஐ (எந்த எழுத்துச்சரத்தையும் கலைத்து, எப்போதும் அதே விடையைத் தரும் கணக்கு) கணக்கிட்டு அடுக்குவது. மைஎஸ்கியூஎலில்:

செலக்ட் * ஃப்ரம் பட்டியல்_அக்டோபர்
ஆர்டர் பை எம்டி5(கான்கேட்('53182047-', சீட்டு_எண்))
லிமிட் 60;

போஸ்ட்கிரெஸில் எம்டி5('53182047-' || சீட்டு_எண்). இரண்டிலும் ஒரே 60 வரும். வரிசை மாறினாலும், பத்து ஆண்டு கழித்து ஓட்டினாலும் அதேதான். எம்டி5 பாதுகாப்புக்கு உதவாத பழைய முறை என்பது உண்மை. சீட்டுகளைக் கலைக்க அது போதும். எஸ்கியூலைட்டில் எம்டி5 உள்ளமைந்து வருவதில்லை.

விதை எண்ணை எப்படி எடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கணக்கர் தானே தேர்ந்தெடுத்தால் இருபது விதைகளை ஓட்டிப் பார்த்துப் பிடித்த பட்டியலை வைத்துக்கொள்ளலாம். எனவே:

1. பட்டியலைப் பூட்டி, வரி எண்ணிக்கையையும் மொத்த எடையையும் அச்சிட்டு இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்.
2. அதன் பிறகு விவசாயிகள் தரப்பில் ஒருவர் 4 இலக்கம், தொழிற்சாலைத் தரப்பில் ஒருவர் 4 இலக்கம் தனித்தனித் தாளில் எழுதி, ஒரே நேரத்தில் திறக்கட்டும்.
3. இரண்டையும் ஒட்டிய 8 இலக்கமே விதை. பதிவேட்டில் எழுதுங்கள்.
4. எல்லார் முன்னிலையிலும் ஒரே ஒரு முறை ஓட்டுங்கள்.

ஒருவர் சொன்ன பிறகு மற்றவர் சொன்னால், இரண்டாமவர் கைபேசியிலேயே கணக்குப் போட்டுவிட முடியும். அதனால்தான் தாள். விதையை எழுத்துச்சரமாகவே, மேற்கோள் குறிக்குள் கொடுங்கள். 0712 என்பதும் 712 என்பதும் வேறு வேறு விடை தரும். பெயரோ ஊரோ வேண்டாம், இலக்கம் மட்டும். எழுத்துக் குறியாக்கம் கணினிக்குக் கணினி மாறித் தொல்லை தரும்.

அட்டவணை கோடியைத் தொட்டால்

இலை வாட்டும் ட்ரஃப்களில் (நீளத் தொட்டிகளில்) வெப்பமும் ஈரப்பதமும் 5 நொடிக்கு ஒரு முறை பதியும் கருவி இருந்தால், ஒரு கருவிக்கு நாளுக்கு 17,280 வரி. 10 கருவிக்கு ஆண்டில் 6.3 கோடி. இங்கே முழு அட்டவணையையும் அடுக்குவது வேண்டாம். போஸ்ட்கிரெஸ் 9.5 முதல், அட்டவணையில் ஒரு பங்கை மட்டும் எடுக்கும் டேபிள்சாம்பிள் இருக்கிறது:

ஃப்ரம் பதிவுகள் டேபிள்சாம்பிள் பெர்னூலி (0.01) ரிப்பீட்டபிள் (5318)

முதல் அடைப்பில் உள்ளது விழுக்காடு, இரண்டாவதில் விதை எண்; 6.3 கோடியில் 6,300 வரி அளவில் வரும். அதை ‘ஆர்டர் பை ரேண்டம்() லிமிட் 1000’ என்று சுருக்கிக்கொள்ளலாம். பெர்னூலி வரிவரியாகத் தேர்கிறது. சிஸ்டம் என்று போட்டால் 8 கேபி பக்கம் பக்கமாகத் (தரவு சேமிக்கப்படும் துண்டு துண்டாக) தேரும். பல மடங்கு வேகம், ஆனால் ஒரே பக்கத்தில் உள்ள வரிகள் ஒன்றாகவே வரும். வரிசையாகப் பதிந்த தரவில் ஒரு பக்கம் என்பது ஒரே நாளின் ஒரே சில நிமிடங்கள். எஸ்கியூஎல் சர்வரின் டேபிள்சாம்பிளும் பக்கவாரிதான்.

சின்ன அட்டவணையில் சிஸ்டம் போடவே கூடாது. நம் 15,000 சீட்டு, பக்கத்துக்கு 100 வரி என்றால் மொத்தம் 150 பக்கம். 1 விழுக்காடு கேட்டால் ஐந்தில் ஒரு முறை ஒரு வரிகூட வராது. வரும்போது நூறு நூறாக, ஒரே மையத்திலிருந்து வரும். இன்னொன்று: டேபிள்சாம்பிள் முதலில் எடுத்துவிட்டுப் பிறகுதான் ‘வேர்’ வடிகட்டும். ஒரு மாதத்துக்கு மட்டும் வேண்டும் என்றால் விழுக்காட்டை அதற்கேற்ப உயர்த்துங்கள்.

கருவி உரைக்கோப்பாகத்தான் தருகிறது, தரவுத்தளமே இல்லை என்றால் ஒரே வாசிப்பில் முடிக்கலாம். முதல் 60 வரிகளை 60 இடங்களில் வையுங்கள். 61-ஆம் வரியிலிருந்து ஒவ்வொரு வரிக்கும், 1 முதல் அந்த வரியின் எண் வரை ஓர் எண்ணைக் குலுக்குங்கள். 60-க்குள் வந்தால் அந்த இடத்தில் இருப்பதை நீக்கிப் புது வரியை வையுங்கள். கோப்பு முடியும்போது எல்லா வரிக்கும் வாய்ப்பு சமம். மொத்தம் எத்தனை வரி என்று முன்கூட்டித் தெரிய வேண்டியதே இல்லை.

60 போதுமா?

சீட்டுகளில் 100-க்கு 5 தவறு இருந்தால், 60 எடுத்தால் குறைந்தது ஒன்றாவது மாட்ட 95 விழுக்காடு வாய்ப்பு. 100-க்கு 2 மட்டுமே தவறு என்றால் அதே 60-இல் வாய்ப்பு 70 ஆக இறங்கும். 95 வேண்டுமென்றால் 150 எடுக்க வேண்டும். மொத்தம் 15,000-ஆ 50,000-ஆ என்பது இந்தக் கணக்கை அவ்வளவாக மாற்றாது. “பத்து விழுக்காடு எடுத்தால் போதும்” என்று அலுவலகங்களில் புழங்கும் விதிக்கு இதில் இடமில்லை.

புதிதாக எழுதிய கேள்வியை நம்புவதற்கு முன் எண்களுக்கு நடுவில் இரண்டு மூன்று இடைவெளி விட்டு 10 வரி கொண்ட சோதனை அட்டவணை ஒன்றை அமைத்து, அதில் ஒரு வரி எடுப்பதை 10,000 முறை ஓட்டி எண்ணுங்கள். ஒவ்வொன்றும் 1,000 அளவில் வர வேண்டும். 900-க்குக் கீழோ 1,100-க்கு மேலோ ஒன்று போனால் கேள்வியில் கோளாறு.

சீட்டு கிடைக்காவிட்டால்

தேர்ந்த 60-இல் இரண்டு நகல்கள் கிடைக்காது. விவசாயி ஊரில் இருக்க மாட்டார், அல்லது மழையில் நனைந்து எழுத்து போயிருக்கும். உடனே “அடுத்த சீட்டை எடுத்துக்கொள்” என்பார்கள். எடுக்காதீர்கள். காணாமல் போன சீட்டுக்கும் தவறான சீட்டுக்கும் உறவு இருக்கலாம். மாற்றிவிட்டால் அது மறைந்துபோகும். ‘கிடைக்கவில்லை’ என்று தனிக் கணக்காக அறிக்கையில் எழுதுங்கள். தகுதியே இல்லாத வரி தவறி உள்ளே வந்திருந்தால் மட்டும் அதே எம்டி5 வரிசையின் 61-ஆவது, 62-ஆவது வரிக்குப் போங்கள். அதற்காக ஓட்டும்போதே ‘லிமிட் 70’ எடுத்து, கடைசி 10-ஐ இருப்பு என்று குறித்து, எல்லாவற்றையும் விதை எண்ணோடும் தேதியோடும் தனி அட்டவணையில் சேமித்து வையுங்கள்.